வடசென்னையில் வீட்டுப் பக்கத்துப் பறவை, செடி, பூச்சி: பார்த்து வரையத் தொடங்குவது எப்படி?

வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மூன்றாவது மாடியில் வீடு, மகளுக்குப் பத்து வயது. நம்ம ஊருக்கே உரிய பறவை, செடி, பூச்சிகளைப் பார்த்து நோட்டில் வரைய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ‘எனக்கு வரைய வராது. இந்தப் பக்கம் காக்கா, புறா தவிர என்ன இருக்கு? வாராவாரம் கிண்டி, வேடந்தாங்கல் என்று கூட்டிப்போகவும் முடியாது. கேமரா, பைனாகுலர் எல்லாம் வாங்கணுமா?’ என்பது கேள்வி. நான் திருவொற்றியூர். பத்தொன்பது வருடமாக இந்தப் பக்கத்திலேயே சுற்றி நோட்டு நிரப்பி வருகிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கேமரா வேண்டாம். பைனாகுலர் ஒரு வருடம் கழித்து, அவளுக்கு ஆசை அப்படியே இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதைக்குக் கோடு போடாத ஒரு நோட்டு, ஒரு 2பி பென்சில், ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். பாரிமுனை ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் கெட்டித் தாள் வாங்கி வந்து நீங்களே தைத்துக்கொள்ளலாம். ரப்பர் மட்டும் வாங்கித் தராதீர்கள். கோடு தப்பாகப் போனால் பக்கத்திலேயே இன்னொரு கோடு போடட்டும். அழிக்க ஆரம்பித்தால் கண் பறவையை விட்டுத் தாளுக்கு வந்துவிடும். திரும்பிப் பார்ப்பதற்குள் பறவை போயிருக்கும்.

‘காக்கா தவிர’ என்றீர்கள். நான் காக்காயிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். அது நம்மைக் கண்டு ஓடாது, தினமும் அதே கைப்பிடிச் சுவரில் வந்து உட்காரும், சோறு வைத்தால் நேரம் தவறாது. வரையக் கற்றுக்கொள்பவருக்கு இப்படி ஒரு மாடல் காசு கொடுத்தாலும் கிடைக்காது. நாளைக்கு மகளை ஒரு காக்காயை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். பிறகு மாடியில் உட்கார்ந்து நேரில் பார்த்து ஒன்று வரையட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நினைவில் வரைந்ததில் உடம்பு முழுக்கக் கறுப்பு, சின்ன முக்கோண அலகு, இரண்டு குச்சிக் கால் இருக்கும். நேரில் பார்த்ததில், கவனித்திருந்தால், கழுத்தும் மார்பும் சாம்பல் நிறத்தில் வந்திருக்கும். அலகு ஏறக்குறைய தலை அளவுக்கு நீளமாக, மேல் பக்கம் வளைந்து இருக்கும். கால் நடுவில் பின்பக்கமாக மடிகிறதே, அதை எல்லோரும் முட்டி என்று நினைக்கிறோம், அது கணுக்கால். முட்டி மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இது தெரிந்த நாளிலிருந்து என் பறவைகள் தாளில் விழாமல் நிற்கத் தொடங்கின. கழுத்துச் சாம்பல் இல்லாமல் முழுக்கக் கறுப்பாக, தடித்த அலகோடு ஒன்று வந்தால் அது அண்டங்காக்கை. பார்த்தீர்களா, ‘காக்கா’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பறவை இருந்திருக்கிறது.

உங்களுக்கு வரைய வராது என்பது தடையே இல்லை. அழகான படத்துக்காக இதைச் செய்யவில்லை. கை ஒரு கோட்டைப் போட வேண்டுமென்றால் கண் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: வால் இறக்கைக்கு வெளியே நீள்கிறதா, உள்ளேயே முடிகிறதா? இலை எதிரெதிரா, மாற்றி மாற்றியா? போட்டோ எடுத்தால் இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை. பென்சில் பிடித்தவர் ஒவ்வொன்றுக்கும் பதில் தேடியாக வேண்டும். பறவை அசைந்துகொண்டே இருக்குமே என்பீர்கள். அசையட்டும். ஒரே பக்கத்தில் ஏழெட்டு அரைகுறைப் படங்களைத் தொடங்கிவையுங்கள். குனிந்தது ஒன்று, இறகு கோதுவது ஒன்று, கத்துவது ஒன்று. காக்கா திரும்பப் பழைய நிலைக்கு வரும்போது பழைய படத்துக்குத் திரும்பிப் போகலாம். முதலில் முட்டை வடிவில் உடம்பு, அதன் சாய்வு, பிறகு தலை. கண்ணும் இறகும் கடைசியில்.

இனி பூச்சி. மாடியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே வையுங்கள். என்னைக் கேட்டால் சென்னையில் ஒரு குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய நல்ல பள்ளிக்கூடம் அந்தத் தொட்டிதான்.

கொழுந்து இலையில் குண்டூசித் தலை அளவில் வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று ஒட்டியிருக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் முட்டை அது. கருவேப்பிலை அழகி என்ற இன்னொன்றும் இதே செடிக்கு வரும். மூன்று நான்கு நாளில் முட்டை கறுத்துப் புழு வெளியே வரும். முதலில் பார்த்தால் புழு என்றே தெரியாது. கரும்பழுப்பில் நடுவே வெள்ளைத் திட்டோடு, இலை மேல் விழுந்த பறவை எச்சம் மாதிரி அசையாமல் கிடக்கும். எச்சத்தை எந்தப் பறவை தின்னும்? தோலுரித்துத் தோலுரித்து வளர்ந்து, கடைசித் தடவை உரித்ததும் ஒரேயடியாகப் பச்சையாகிவிடும். எச்ச வேஷம் போடும் அளவைத் தாண்டியாகிவிட்டது, இனி இலை வேஷம். அந்த நிலையில் ஒரு குச்சியால் முதுகை லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்று சட்டென்று நீளும், கூடவே ஒரு நெடி வரும். எறும்பு, குளவியை விரட்டத்தான் இந்த ஆயுதம். ஒரு தடவை போதும், மறுபடி தொட வேண்டாம். அதற்கு அது வீண் செலவு.

பிறகு ஒருநாள் தின்பதை நிறுத்திவிட்டு இடம் தேடி அலையும். குச்சியில் வால் நுனியை ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். தென்னையேறுபவர் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கோணம். பச்சைத் தண்டில் கட்டிய கூட்டுப்புழு பச்சையாகவும், காய்ந்த குச்சியிலோ சுவரிலோ கட்டியது பழுப்பாகவும் பெரும்பாலும் இருக்கும். எட்டுப் பத்து நாளில், பெரும்பாலும் காலையில், வெளியே வரும். முட்டையிலிருந்து பறப்பது வரை ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். தினம் பள்ளிக்குப் போகும்முன் ஒரு படம், பக்கத்தில் அளவுகோலால் அளந்த நீளம், தின்ற இலை எத்தனை. அவ்வளவுதான் வேலை. எல்லாப் புழுவும் பறந்துவிடாது என்பதையும் முன்கூட்டியே அவளிடம் சொல்லிவையுங்கள். சிலவற்றைக் காக்கா தூக்கும். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் சின்னச் சின்னக் குளவிகள் வரும். அழுவாள். அதையும் வரையச் சொல்லுங்கள். குழம்புக்குத் தாளிக்க இலை குறையும், பரவாயில்லை. மருந்து மட்டும் அடிக்காதீர்கள்.

தெருவுக்கு இறங்கினால் எருக்கு. தண்டவாள ஓரம், காலி மனை, கால்வாய்க் கரை என்று நம் பக்கத்தில் அது இல்லாத இடமில்லை. அதில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். புழு வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டையோடு, முதுகில் மூன்று ஜோடி கறுப்பு இழையோடு, ஒளியாமல் பகிரங்கமாக மேயும். எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடம்பில் தங்கிவிடுவதால் பறவைகள் வாய் வைப்பதில்லை. கறிவேப்பிலைப் புழு ஒளிவதற்காகப் போட்ட வேஷத்தையும், இது ‘என்னைப் பார், தொடாதே’ என்று போட்டுக்கொண்ட சட்டையையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வரைந்து வைத்தால், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமலே அவளுக்குப் புரியும். ஒரு எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இலையைக் கிள்ளாமல் நின்றபடியே பார்க்கட்டும், வீடு வந்ததும் கை கழுவட்டும்.

வெந்தய வரியன் என்ற பெயரிலேயே வண்ணம் தீட்டுவதற்கான வழி ஒன்று இருக்கிறது. வெளியே போகும்போது கலர் பென்சில் பெட்டி தேவையில்லை. நிறத்தைச் சொல்லால் எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுப் பொருளை வைத்து. ‘வறுத்த வெந்தயம்’, ‘பழைய சாக்கு’, ‘நனைந்த செங்கல்’, ‘நீர்மோர் வெள்ளை’. என் நோட்டில் மடையான் என்ற கொக்கின் முதுகுக்குப் பக்கத்தில் ‘கோணிப்பை, ஈரமானது’ என்று எழுதியிருக்கிறேன். ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அந்த நிறம் கண் முன்னால் வருகிறது. ‘பிரவுன்’ என்று எழுதியிருந்தால் வந்திருக்காது.

செடிகளில் ‘நம்ம ஊருக்கே உரியது’ எது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். தெருவில் நிழல் தரும் மரங்களில் பல வெளியிலிருந்து வந்தவை. தூங்குமூஞ்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து. சீமைக் கருவேலம், ஏரியை மூடும் ஆகாயத்தாமரை, புல்வெளியில் மஞ்சள் நடுவோடு வெள்ளைப் பூ பூக்கும் வெட்டுக்காயப் பூண்டு எல்லாமே அமெரிக்கக் கண்டத்தவை. அவற்றையும் வரையலாம், தேன்சிட்டு அவற்றிலும் தேன் குடிக்கும். ஆனால் பக்கத்தில் ‘வந்தது’ என்று குறித்துக்கொள்ளட்டும். வேம்பு, புங்கை, பூவரசு, புன்னை, மகிழம், ஆல், அரசு எல்லாம் நம்முடையவை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் இரண்டு குல்மோகர் வேரோடு சாய்ந்தன. அவற்றுக்கு நடுவில் நின்ற புங்கை இரண்டு கிளையை மட்டும் இழந்து, வெயில் காலம் வருவதற்குள் கொழுந்து விட்டது. அந்தப் புங்கையை வருடத்துக்கு நான்கு முறை ஒரே இடத்தில் நின்று வரைகிறேன்.

பூவரசம்பூ ஒன்றைக் காலையிலும் சாயங்காலமும் வரைந்து பாருங்கள். காலையில் எலுமிச்சை மஞ்சள், அடியில் கருஞ்சிவப்பு. பொழுது சாயச் சாயச் சிவந்து, வாடும்போது ஊதா கலந்துவிடும். அதே பூதான்.

மகிழம்பூவுக்கு ஒருநாள் திருவொற்றியூர் வாருங்கள். வடிவுடையம்மன் கோயிலின் தலமரம் மகிழம். சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது அந்த மகிழடியில்தான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மகிழ மரத்தடியில் காலையில் உதிர்ந்து கிடக்கும் பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்து இதழை எண்ணச் சொல்லுங்கள். சின்ன நட்சத்திரம், ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறியது. முதல் தடவை ‘நிறைய இருக்கு’ என்பாள். பொறுமையாக எண்ணினால், நடுவில் குவிந்து நிற்கும் எட்டு இதழ்; ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு துணை இதழ் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். மொத்தம் 24. நடுவில் ஒரு துளை, அதில்தான் நூல் கோத்து மாலை கட்டுகிறோம். இதை எண்ணாமல் வரைந்தால் ஏதோ ஒரு பூ. எண்ணி வரைந்தால் மகிழம்பூ.

இப்படி எண்ணி, வெட்டி, பிரித்து வரையும் வழக்கம் சென்னைக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் இருந்த தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தெலுங்கு ஓவியர்கள் நூற்றுக்கணக்கான செடிகளை வரைந்தார்கள். இலை, பூ, காய், பூவின் உள்பாகம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக, அளவு பிசகாமல். அந்த மூலப் படங்கள் பலவும் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இன்றும் இருக்கின்றன. ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்கே வைட் கோவிந்துவின் பெயரை வைத்தார். நம் பக்கத்து வேலியோரச் செடியை வரையும் பிள்ளைக்கு இந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லுங்கள்.

பறவை பார்க்க யாரிடம் கேட்பது? உங்கள் வியாசர்பாடியிலேயே ஆசான்கள் இருக்கிறார்கள். மாடியில் புறாக்கூண்டு வைத்து, பந்தயத்துக்குக் கர்ணப்புறா, ஹோமர் வளர்க்கிற அண்ணன்களைத்தான் சொல்கிறேன். வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தாலே அது கழுகா, பருந்தா, வல்லூறா, பைரியா என்று சொல்லிவிடுவார்கள். புறா உயிரும் பந்தயமும் அதில் இருக்கிறது. நான் பருந்தையும் பைரியையும் பிரித்தறியக் கற்றது கொருக்குப்பேட்டையில் அப்படி ஒருவரிடம்தான். ‘வால பாரு தம்பி. வாலு நடுவுல வெட்டுன மாதிரி உள்வாங்கினு இருந்தா பருந்து. ரெக்க கூரா, வெரசா அடிச்சினு வந்துச்சினா பைரி, உடனே புறாவ எறக்கிடணும்’ என்றார். அவர் சொன்ன பருந்து, புத்தகத்தில் கள்ளப்பருந்து. காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது அதையும், செம்முதுகும் வெள்ளைத் தலையுமான செம்பருந்தையும் ஒரே வானத்தில் பார்க்கலாம்; செம்பருந்தின் வால் வட்டமாக முடியும். காக்காய்கள் திடீரென்று கூட்டமாகக் கத்தினால் எட்டிப் பாருங்கள். பாதி நேரம் பூனையாக இருக்கும், மீதி நேரம் வல்லூறோ ஆந்தையோ பக்கத்தில் இருக்கும்.

மாடியிலேயே வேறு என்னென்ன வரும் என்றால்: முருங்கையோ செம்பருத்தியோ இருந்தால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, அகல இலைச் செடி இருந்தால் இலையைச் சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு (உடம்பு கட்டைவிரல் அளவு, குரல் தெரு முழுக்க), கொண்டைக்குருவி, மைனா, பச்சைக்கிளி, சித்திரை வெயிலில் குயில். பனை மரம் எங்காவது மிஞ்சியிருந்தால் அதன் மேலே அரிவாள் போன்ற இறக்கையோடு பனை உழவாரன் சுற்றிக்கொண்டிருக்கும், கூடு பனையோலையின் அடியில். ஜன்னல் கம்பியில் மண் பிசைந்து கூடு கட்டும் குளவியை விரட்டாதீர்கள். உள்ளே குஞ்சுகளுக்காகச் சிலந்திகளை அடைத்து வைக்கிறது. தட்டான் வந்தால் உட்காரும்போது இறக்கையைப் பாருங்கள். விரித்தே வைத்திருந்தால் தட்டான், முதுகோடு சேர்த்து மடித்திருந்தால் பெரும்பாலும் ஊசித்தட்டான்.

அடுத்தது கால்வாய். கேப்டன் காட்டன் கால்வாயைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறோம். அந்தக் கறுத்த தண்ணீரின் ஓரத்தில் மடையான் ஒன்று நிற்கும். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள், பக்கத்தில் போகும்வரை அசையாததால். நிற்கும்போது சேற்றோடு சேறாக இருந்தது, பறக்கும்போது முழு வெள்ளையாகிவிடும்; நிறம் இறக்கைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அசையாமல் நிற்பதால் காக்காய்க்கு அடுத்து வரைய ஏற்றது இதுதான். கம்புள் கோழி, உண்ணிக்கொக்கு, சிவப்புக் குச்சிக் காலோடு நெடுங்கால் உள்ளானும் வரும். பாலத்தின் மேலிருந்து பாருங்கள், கரையில் இறங்க வேண்டாம். சுத்தமான தண்ணீரில் பார்க்க வேண்டுமென்றால் மழைக்குப்பின் ரெட்டேரியோ மாதவரம் ஏரியோ. நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான், நத்தை குத்தி நாரை எல்லாம் அங்கே உண்டு.

மாதம் ஒருமுறை வெளியே போக முடிந்தால் கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூர் போங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம், அலையாத்திப் புதர்கள், உப்பு மண்ணில் உமரி, கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படரும் அடம்பு, உருண்டு ஓடும் ராவணன் மீசைப் புல். நெய்தல் திணையைப் பாடப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் அவள் நேரில் பார்த்துவிடலாம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கடற்காகங்களும் வலசை வந்த உள்ளான்களும் இருக்கும். கூழைக்கடாவும் வரும். துறைமுகம், அனல் மின்நிலையம் பக்கம் கேமராவை நீட்டினால் காவலர்கள் கேள்வி கேட்பார்கள். நோட்டும் பென்சிலும் என்றால் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு அந்தக் கழிமுகத்தில் பரவியது. அந்த வாரம் நான் வரைந்த கூழைக்கடாவுக்கு வயிறு முழுக்கப் பென்சிலைத் தேய்த்திருக்கிறேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம். பக்கத்தில் ‘தார் நிறம். அலகால் கோதிக்கொண்டே இருக்கிறது. 40 நிமிடம் பார்த்தேன், ஒரு தடவைகூட மீன் பிடிக்கப் போகவில்லை’ என்று எழுதியிருக்கிறது. என் நோட்டுகளில் நான் மறுபடி திறக்கத் தயங்கும் பக்கம் அது. ஆனால் தேதி, நேரம், இடத்தோடு எழுதி வைத்ததில் எனக்கு வருத்தமில்லை. உங்கள் மகளுக்கும் இந்தப் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும்: தேதி, நேரம், இடம், வெயிலா மேகமா, என்ன செய்துகொண்டிருந்தது. படம் சுமாராக இருந்தாலும் இந்த வரிகள் இருந்தால் அந்தப் பக்கம் வீணாகாது.

பெயர் தெரியவில்லையே என்று நிறுத்த வேண்டாம். முதலில் படம், பிறகு பெயர். பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இலவசம், குரலை வைத்தும் சொல்லும்; ஆனால் படம் முடியும்வரை போனை வெளியே எடுக்காதீர்கள். பெயர் தெரிந்த நிமிடமே பார்ப்பதை நிறுத்திவிடுவோம், பெரியவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் மாடியில் 15 நிமிடம் நின்று எண்ணி, பறவைக் கணக்கைப் பதியும் இபேர்ட் தளத்தில் பதிந்தாலே அதில் சேர்ந்துவிடலாம். கூடு கண்டால் மட்டும் யாரிடமும் இடத்தைச் சொல்லாதீர்கள், கிளையை விலக்கிப் பார்க்காதீர்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும், பக்கத்து வீட்டில் இருந்தால் பக்குவமாக, எடுத்துச் சொல்லலாம்.

ஐப்பசி மழை தொடங்கும் சமயத்தில் ஒரு காலை, உங்கள் மாடியிலோ படிக்கட்டிலோ வால் இல்லாதது போன்ற குட்டைப் பறவை ஒன்று சோர்ந்து உட்கார்ந்திருக்கலாம். பச்சை முதுகு, தோளில் பளிச்சென்ற நீலம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வாலடியில் ரத்தச் சிவப்பு. அது ஆறுமணிக்குருவி. வடக்கிலிருந்து வலசை வரும் வழியில் களைத்து இறங்கியிருக்கும். அந்த மாதத்தில் சென்னை வீடுகளில் இப்படி அடிக்கடி நடக்கும். கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டாம், வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். காக்காயும் பூனையும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். அடிபட்டிருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அடிபடாமல் இருந்தால் சாயங்காலம் இருட்டும் நேரத்தில் தானே கிளம்பிவிடும். அதுவரை அவளுக்கு நேரம் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் பள்ளிக்கு லீவு போடச் சொல்லுவேன்.